அறை வாடகை 6,800 ரூபாய், செலவானது 14,497: எதைத் திரும்பக் கேட்கலாம்?

கேள்வி:

மதிப்பிற்குரிய வழக்கறிஞர் அவர்களுக்கு வணக்கம். 2025 டிசம்பர் 30, 31 ஆகிய இரண்டு இரவுகள் தங்குவதற்காகக் கொடைக்கானலில் ஒரு விடுதி அறையைப் பயண முன்பதிவுத் தளம் ஒன்றில் பதிவு செய்தேன். பட்டியலில் ஓர் இரவுக்கு 3,400 ரூபாய் என்று இருந்தது. "இந்த விலையில் இன்னும் ஓர் அறை மட்டுமே" என்று சிவப்பில் காட்டியதால் அவசரமாகப் பணம் கட்டினேன். கணக்கிலிருந்து 7,897 ரூபாய் போனது; கூடுதலாகப் போனது வரி என்று நினைத்துக்கொண்டேன். நானும் கணவரும், 13 வயது மகனும், 7 வயது மகளுமாக நால்வர். தேடும்போது "பெரியவர்கள் 2" என்று மட்டுமே கொடுத்திருந்தேன். விடுதிக்குப் போனதும் மகனுக்கு எக்ஸ்ட்ரா பெட் என்று 1,600, புத்தாண்டு இரவு விருந்து கட்டாயம் என்று நான்கு பேருக்கு 4,500, பராமரிப்புக் கட்டணம் என்று 500, ஆக 6,600 ரூபாய் கேட்டார்கள். கட்டினால்தான் அறைச் சாவி என்றார்கள். குளிரில் குழந்தைகளோடு நின்றுகொண்டிருந்ததால் கட்டிவிட்டோம். இதில் எதையாவது திரும்பப் பெற முடியுமா? வரும் மே மாதம் மலேசியாவும் சிங்கப்பூரும் போவதாக இருக்கிறோம். அங்கும் இப்படித்தான் இருக்குமா? எல்லாவற்றின் நகல்களையும் இணைத்துள்ளேன்.

வாசகி, திருச்சி

பதில்:

அன்புள்ள சகோதரி அவர்களுக்கு,

தாங்கள் அனுப்பிய வவுச்சர், பணம் கட்டிய பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், விடுதியின் பில், பராமரிப்புக் கட்டணத்துக்கு அவர்கள் தந்த துண்டுச் சீட்டு ஆகியவற்றை வரிசையாக வைத்துப் படித்தேன். 6,800 ரூபாய்க்கும் 14,497 ரூபாய்க்கும் இடையே 7,697 ரூபாய் வித்தியாசம் இருக்கிறது. இதை ஒரே தொகையாக எடுத்துக்கொண்டு "ஏமாற்றிவிட்டார்கள்" என்று எழுதினால், அதில் நியாயமாக வாங்கப்பட்ட பகுதியைச் சுட்டிக்காட்டியே தளமும் விடுதியும் புகார் முழுவதையும் தட்டிக்கழித்துவிடும். நுகர்வோர் வழக்குகளில் இதை நான் அடிக்கடி பார்க்கிறேன். ஆகவே ஒவ்வொரு தொகையாகப் பிரித்து, எது தாங்கள் கொடுக்க வேண்டியது, எது கொடுக்க வேண்டாதது என்று சொல்கிறேன். தங்களுக்குச் சாதகமில்லாததையும் மறைக்காமல் சொல்கிறேன்.

முதலில் வரி. தங்கள் வவுச்சரில் அறை வாடகை 6,800 என்ற வரிக்குக் கீழே "வரிகளும் கட்டணங்களும் 789" என்று ஒரே வரி இருக்கிறது. அது முழுவதும் அரசுக்குப் போகும் வரி என்று தாங்கள் எண்ணியிருப்பது கடிதத்திலிருந்து தெரிகிறது. அப்படியில்லை. 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரை வாடகையுள்ள அறைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்; அதற்கு மேல் போனால் 18 சதவீதம். 6,800 ரூபாய்க்கு 5 சதவீதம் என்றால் 340 ரூபாய்தான். மீதி 449 ரூபாய் தளம் தனக்கென்று எடுத்துக்கொண்ட சேவைக் கட்டணமும் அதன் மீதான வரியும். வரியையும் தன் வருமானத்தையும் ஒரே வரியில் சேர்த்து எழுதும்போது, இரண்டுமே தவிர்க்க முடியாதவை என்ற எண்ணம் படிப்பவருக்கு வந்துவிடுகிறது. இனி எந்தத் தளத்தில் பதிவு செய்தாலும் வாடகைக்கு 5 சதவீதத்தை மனக்கணக்காகப் போட்டுப் பாருங்கள். மிச்சம் எவ்வளவு நிற்கிறதோ அது தளத்தின் பங்கு. அதே அறை விடுதியின் சொந்த இணையதளத்திலோ தொலைபேசியிலோ அந்தப் பங்கு இல்லாமல் கிடைக்கக்கூடும்.

வரி தொடர்பாக இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 7,400 ரூபாய் அறை வரியோடு 7,770 ஆகும். 7,600 ரூபாய் அறையோ வரியோடு 8,968 ஆகும். பட்டியலில் 200 ரூபாய் வித்தியாசமாகத் தெரிவது கட்டும்போது ஏறத்தாழ 1,200 ரூபாய் வித்தியாசமாகிவிடும். வாடகை 7,500 ரூபாயை ஒட்டி வரும் அறைகளைப் பார்க்கும்போது இந்த எல்லையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த 340 ரூபாய் கொடுக்க வேண்டியதே. 449 ரூபாயைப் பொறுத்தவரை, கடைசிப் பக்கத்தில் மொத்தத் தொகையைப் பார்த்துவிட்டுத்தான் தாங்கள் பணம் கட்டியிருக்கிறீர்கள் என்பதால் அதைத் திரும்பக் கேட்பது வலுவான வாதமாக இருக்காது. ஆனால் 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், மொத்த விலையை ஒரே எண்ணாகக் காட்டுவதோடு, அதில் அடங்கிய கட்டாயக் கட்டணம், விருப்பக் கட்டணம், வரி ஆகியவற்றைப் பிரித்தும் காட்ட வேண்டும் என்கின்றன. ஆகவே அந்த 789 ரூபாயின் பிரிவைக் கேட்டு எழுதுவதற்குத் தங்களுக்கு முழு உரிமை உண்டு.

அடுத்து, ஸ்கிரீன்ஷாட்டின் அடியில் உள்ள இரண்டு சிறு கட்டங்கள். பயணக் காப்பீடு 298 ரூபாய், அறக்கொடை 10 ரூபாய் என்ற இரண்டிலும் டிக் விழுந்திருக்கிறது. தாங்கள் தொடவே இல்லை என்கிறீர்கள். வாங்குபவரின் சம்மதத்தை முன்கூட்டியே டிக் செய்து வைத்து வாங்கக் கூடாது என்று மேற்சொன்ன விதிகளே தடுக்கின்றன. அதற்கும் மேலாக, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று டார்க் பேட்டர்ன் எனப்படும் ஏமாற்று வடிவமைப்புகளைத் தடைசெய்யும் வழிகாட்டு நெறிகளை அறிவித்தது. அதில் சொல்லப்பட்ட 13 வகைகளில் ஒன்று, வாடிக்கையாளர் கேட்காத பொருளையோ சேவையையோ நன்கொடையையோ பணம் கட்டும் நேரத்தில் கூடையில் சேர்த்துவிடுவது. தங்கள் 308 ரூபாய் அப்படியே இந்த வகையில் வருகிறது. சிறிய தொகைதானே என்று விட்டுவிடாதீர்கள். தளத்துக்கு எதிரான தங்கள் புகாரில் மறுக்கவே முடியாத பகுதி இதுதான். சிவப்பில் வந்த "இன்னும் ஓர் அறை மட்டுமே" என்ற அறிவிப்பும், அது பொய்யாக இருந்தால், இதே நெறிகளின்படி தவறு. "2 அறைகளே மீதம், 30 பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்" என்பது போன்ற அறிவிப்பையே அந்த நெறிகள் பொய் அவசரத்துக்கு எடுத்துக்காட்டாகக் காட்டுகின்றன. ஆனால் அது பொய் என்பதை நிரூபிக்கத் தங்களிடம் சான்று இல்லை. ஆகவே அதைப் புகாரில் ஒரு வரியாகக் குறிப்பிட்டால் போதும்.

எக்ஸ்ட்ரா பெட் விஷயத்தில் தங்கள் பக்கம் நிற்க என்னால் முடியவில்லை. பெரியவர்கள் 2 என்று மட்டும் கொடுத்துத் தேடியதால் இருவருக்கான விலையைத் தளம் காட்டியது. விடுதிக்குப் போனதோ நால்வர். பல விடுதிகள் 12 வயதைத் தாண்டிய பிள்ளையைப் பெரியவர் கணக்கிலேயே சேர்க்கின்றன. "குழந்தைகள் எங்களோடு படுத்துக்கொள்வார்கள்" என்று நம் வீடுகளில் இயல்பாக நினைக்கிறோம். விடுதிக்காரரோ படுக்கை விரிப்பு, துண்டு, காலை உணவு, வெந்நீர் எல்லாவற்றையும் தலைக்கணக்கில் பார்க்கிறார். மகளுக்கு அவர்கள் எதுவும் கேட்கவில்லை என்பதையும் கவனியுங்கள். இந்த 1,600 ரூபாயைப் புகாரில் சேர்த்தால், வாடிக்கையாளரே தகவலை மறைத்தார் என்று எதிர்தரப்பு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். விட்டுவிடுங்கள்.

இப்போது விருந்துக்கு வருகிறேன். தங்கள் வழக்கின் உயிர் இங்கேதான் இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவும் புத்தாண்டுக்கு முந்திய இரவும் தங்குபவர்கள் விருந்துக்கும் சேர்த்துக் கட்டியாக வேண்டும் என்ற வழக்கம் சுற்றுலாத் தலங்களின் பல விடுதிகளில் இருக்கிறது. விருந்து வைப்பது குற்றமல்ல. அதைக் கட்டாயமாக்கிவிட்டு, அதன் விலையை அறையின் விலையில் காட்டாமல் விடுவதுதான் குற்றம். தாங்கள் அனுப்பிய விதிகள் பக்கத்தை எண்ணிப் பார்த்தேன். "மேலும் படிக்க" என்பதைத் தொட்டால் மட்டுமே விரியும் 19 விதிகளில் 17ஆவதாக, "டிசம்பர் 24, 31 ஆகிய நாள்களில் கட்டாய விருந்துக் கட்டணம் பொருந்தலாம், விடுதியில் நேரடியாகச் செலுத்தவும்" என்று இருக்கிறது. எவ்வளவு என்று இல்லை. கட்டாயம் என்று சொன்ன அதே வாக்கியம் "பொருந்தலாம்" என்றும் சொல்கிறது. 31ஆம் தேதி இரவுக்குத்தான் அறை கேட்கிறீர்கள் என்பது தளத்துக்குத் தெரியும். ஆகவே அந்த 4,500 ரூபாயைக் கணக்கிட்டு மொத்தத்தில் சேர்த்துக் காட்டுவதில் அதற்கு எந்தச் சிரமமும் இருந்திருக்காது.

மேற்சொன்ன வழிகாட்டு நெறிகள் இதை டிரிப் பிரைசிங், அதாவது விலையைச் சொட்டுச் சொட்டாக வெளியிடுவது என்று அழைக்கின்றன. விலையின் ஒரு பகுதியை முதலிலேயே சொல்லாமல் விடுவது, அல்லது கண்ணில் படாதபடி சொல்வது. பதிவு உறுதியான பிறகு கூடுதல் தொகை கேட்பது. ஏற்கெனவே பணம் கட்டிய சேவையை, வேறு எதையாவது வாங்கினால்தான் அனுபவிக்க விடுவது: இவை மூன்றும் அதன் விளக்கத்திலேயே வருகின்றன. வாடகையை முழுவதுமாக முன்பே கட்டிவிட்ட ஒருவரிடம், விருந்துக்குப் பணம் கொடுத்தால்தான் சாவி என்று சொன்னது மூன்றாவதற்கு அப்படியே பொருந்துகிறது. இந்த நெறிகள் தளத்தை மட்டுமல்லாமல், அதன் வழியாக விற்பவரையும் கட்டுப்படுத்துகின்றன. குளிரில், பிள்ளைகளோடு, வேறு அறை கிடைக்காத நாளில் கட்டிய பணத்தைச் சம்மதித்துக் கட்டிய பணம் என்று யாரும் சொல்ல முடியாது. இதைத் தங்கள் புகாரில் தெளிவாக எழுதுங்கள்.

ஒரு கேள்வி மட்டும் நிச்சயம் வரும்: விருந்தில் சாப்பிட்டீர்களா? தாங்களும் கணவரும் சாப்பிட்டதாகவும், பிள்ளைகள் அதற்குள் தூங்கிவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதை அப்படியே சொல்லுங்கள். வழக்கு நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போனால், சாப்பிட்ட பங்குக்கு அது ஓரளவு குறைத்துக்கொள்ளக்கூடும். அதனால் பிள்ளைகளுக்கு வாங்கிய 1,500 ரூபாயைத் தனியாகவும், பெரியவர்களுக்கு வாங்கிய 3,000 ரூபாயைத் தனியாகவும் கேட்பது நல்லது.

பராமரிப்புக் கட்டணம் 500 ரூபாய் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. வவுச்சரில் இல்லை, விதிகளில் இல்லை, பில்லிலும் இல்லை. துண்டுச் சீட்டில் பேனாவால் "மெயின்ட். 500" என்று எழுதிச் சுழித்திருக்கிறார்கள். முறையான பில் தராமல் பணம் வாங்குவதே 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. ஜிஎஸ்டி பதிவுள்ள தமிழ்நாட்டு விடுதியின் பில்லில் 33 என்று தொடங்கும் 15 இலக்க ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டும். தங்கள் அறை பில்லில் அது இருக்கிறது, இந்தச் சீட்டில் இல்லை. விடுதிகளும் உணவகங்களும் சேவைக் கட்டணத்தைத் தாமாகவே பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது என்று மத்திய ஆணையம் 2022 ஜூலை 4 அன்று சொன்னதையும், அதை டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28 அன்று உறுதி செய்ததையும் இந்தத் தொகைக்குத் துணையாகக் குறிப்பிடலாம். கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் 2024 மே மாதம் முதல் தேவைப்படும் இ-பாஸ் முற்றிலும் இலவசம். அதை எடுத்துத் தந்ததாகச் சொல்லி 100 ரூபாய் சேர்த்திருந்த ஒரு விடுதிச் சீட்டை வேறொரு வழக்கில் பார்த்த நினைவு வந்ததால் இதையும் சொல்லி வைக்கிறேன்.

ஆக, தாங்கள் கேட்க வேண்டியது 308, 4,500, 500 என மொத்தம் 5,308 ரூபாய்.

இதற்கு முதலில் தளத்தின் குறைதீர் அலுவலருக்கும் விடுதிக்கும் ஒரே மின்னஞ்சலை அனுப்புங்கள். குறைதீர் அலுவலரின் பெயரையும் முகவரியையும் தளத்தில் வெளியிட்டிருக்க வேண்டும் என்பது விதி. 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் அவர் தீர்வு சொல்ல வேண்டும். செயலியில் உள்ள உரையாடல் பெட்டியில் மட்டும் புகார் செய்து நிறுத்திவிடாதீர்கள். அங்கே தானியங்கி பதில்கள்தான் வரும். பல நேரங்களில் உரையாடலே பிறகு கண்ணில் படாது. கோபத்தையும் வருத்தத்தையும் ஒதுக்கிவிட்டு, இந்த அளவில் எழுதினால் போதும்:

"மேற்கண்ட பதிவு எண்ணில் இரண்டு இரவுகளுக்கான முழுத் தொகையையும் முன்பே செலுத்தியுள்ளேன். என் சம்மதம் இல்லாமல் முன்கூட்டியே தேர்வு செய்யப்பட்டிருந்த காப்பீடு, அறக்கொடை ஆகியவற்றுக்கு 308 ரூபாயும், பணம் கட்டும் பக்கத்தில் காட்டப்படாத கட்டாய விருந்துக்கு 4,500 ரூபாயும் (பெரியவர்களுக்கு 3,000, பிள்ளைகளுக்கு 1,500), பில் இல்லாமல் பராமரிப்புக் கட்டணமாக 500 ரூபாயும் வசூலிக்கப்பட்டுள்ளன. கடைசி இரண்டையும் செலுத்தினால்தான் அறை தரப்படும் என்று சொல்லப்பட்டதால் செலுத்தினேன். இது 2023ஆம் ஆண்டின் வழிகாட்டு நெறிகளுக்கும் 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளுக்கும் முரணானது. 5,308 ரூபாயை 30 நாள்களுக்குள் திருப்பித் தருமாறும், வரிகளும் கட்டணங்களும் என்ற 789 ரூபாயின் பிரிவைத் தருமாறும் கோருகிறேன்."

தளம் "நாங்கள் இடையில் இருப்பவர்கள், விடுதியைக் கேளுங்கள்" என்று சொல்லும். விடுதி "தளத்தில் விதி போட்டிருக்கிறோம்" என்று சொல்லும். இரண்டு பதில்களையும் பத்திரப்படுத்துங்கள், ஏனென்றால் ஒருவர் மறுப்பதே மற்றவருக்கு எதிரான சான்றாகிறது. பதில் திருப்தியாக இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே புகாரைப் பதியலாம். அவர்கள் நிறுவனத்துக்கு அனுப்பிப் பேசித் தீர்க்க முயல்வார்கள். தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை, ஆனாலும் இந்த அளவு தொகைகள் பல நேரங்களில் அங்கேயே தீர்ந்துவிடுகின்றன.

அங்கும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடைக்கானலுக்கோ தளத்தின் தலைமை அலுவலகம் இருக்கும் ஊருக்கோ தாங்கள் அலைய வேண்டியதில்லை. புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடரலாம் என்று 2019ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வதால் திருச்சியிலேயே தாக்கல் செய்யலாம். இணையம் வழியாகவும் முடியும். 5 லட்சம் ரூபாய் வரையிலான விவகாரத்துக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை. வழக்கறிஞராக இருந்தே இதைச் சொல்கிறேன், 5,308 ரூபாய் வழக்குக்குத் தாங்களே ஆஜராவதுதான் சரி. தளம், விடுதி இரண்டையும் எதிர்தரப்பாகச் சேருங்கள். மன உளைச்சலுக்கு லட்சக்கணக்கில் கேட்டால் வழக்கின் மதிப்பே குறைந்துவிடும்; திருப்பித் தர வேண்டிய தொகை, அதற்கு வட்டி, மிதமான இழப்பீடு, செலவுத்தொகை ஆகியவற்றைக் கேளுங்கள். நிகழ்வு நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டை எடுத்த அதே செல்பேசியில் அழிக்காமல் வைத்திருங்கள். மின்னணுப் பதிவைச் சான்றாகக் காட்டும்போது பாரதிய சாட்சிய அதினியம் எனப்படும் சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழை இணைக்க வேண்டியிருக்கும்.

அடுத்த பயணத்துக்கு ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். பட்டியலில் விலை குறைவாகத் தெரிந்தால்தான் விடுதி மேலே வருகிறது. தளத்தின் கமிஷனும் தளம் வழியாக வரும் தொகைக்கே கணக்கிடப்படுகிறது. ஆகவே வாடகையைக் குறைத்துக் காட்டி, மீதியை ரிசப்ஷனில் வாங்கிக்கொள்வதில் விடுதிக்கு இரட்டை லாபம். இதை உடைக்க ஒரே வழி, பணம் கட்டும் முன் விடுதியை நேரடியாகத் தொலைபேசியில் அழைத்து, எத்தனை பேர், பிள்ளைகளின் வயது என்ன, எந்தத் தேதி என்று சொல்லி, "இதற்கு மேல் அங்கே வந்து நாங்கள் எதாவது கட்ட வேண்டியிருக்குமா?" என்று கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குவதுதான். ஹீட்டர், கார் நிறுத்தம், ஓட்டுநர் தங்கும் இடம் என்று மலை ஊர்களில் வரும் சில்லறைக் கட்டணங்களும் அப்போதே வெளியே வந்துவிடும். நேரடியாகப் பதிவு செய்தால் என்ன விலை என்பதையும் கேளுங்கள். தளத்தில் கொடுப்பதைவிடக் குறைவாக வேறு முன்பதிவுத் தளங்களில் விற்கக் கூடாது என்று விடுதிகளைக் கட்டுப்படுத்தும் நிபந்தனையை நீக்குமாறு ஒரு பெரிய முன்பதிவு நிறுவனத்துக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் அபராதத்தோடு உத்தரவிட்டது; குறைத்துக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை. மறுபடியும் சாவியை வைத்துக்கொண்டு யாராவது பணம் கேட்டால், கட்டும் முன் பில்லில் "மறுப்புத் தெரிவித்துச் செலுத்துகிறேன்" என்று எழுதிக் கையெழுத்திட்டு, அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மலேசியாவில் அறை ஒன்றுக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு. 2017 செப்டம்பர் முதல் வெளிநாட்டவரிடம் வாங்கப்படும் அரசு வரி இது. தளத்தில் ஏற்கெனவே பிடிக்கப்படவில்லை என்றால் ரிசப்ஷனில் கேட்பார்கள். ரசீது வாங்கிக்கொண்டு தகராறு செய்யாமல் கட்டிவிடுங்கள். இரு முறை கட்டாமல் இருக்க வவுச்சரைப் பார்த்துக்கொண்டால் போதும். சிங்கப்பூரில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால், 10 சதவீத சேவைக் கட்டணமும், அதையும் சேர்த்த தொகைக்கு 9 சதவீத ஜிஎஸ்டியும் தனி என்று பொருள். 200 டாலர் அறை 239 டாலர் 80 காசாகும். சேவைக் கட்டணம் வாங்கும் விடுதிகள் விலையை இப்படிக் காட்ட அங்கே சட்டம் அனுமதிக்கிறது. இரு ஊர்களிலும் கார்டைத் தேய்க்கும்போது இயந்திரம் "ரூபாயிலா, உள்ளூர் நாணயத்திலா?" என்று கேட்டால் உள்ளூர் நாணயத்தைத் தேர்ந்தெடுங்கள். ரூபாய் என்று அழுத்தினால் அந்த இயந்திரத்தின் நிறுவனம் தன் விருப்பப்படி வைத்த மாற்று விகிதத்தில் பணம் போகும்.

தங்கள் விடுதி பில் நாளடைவில் எழுத்து மங்கிவிடும் வெப்பத்தாளில் (தெர்மல் பேப்பரில்) அச்சானது. நகலிலேயே எழுத்து மங்கத் தொடங்கியிருப்பது தெரிகிறது. இன்றே அதன் முன்பக்கத்தையும், துண்டுச் சீட்டின் இருபக்கங்களையும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து, ஜெராக்ஸும் போட்டு வைத்துவிட்டு மின்னஞ்சலை அனுப்புங்கள்.